கேரி கில்டால்: எட்டு எழுத்து, ஒரு புள்ளி, மூணு எழுத்து

முதல்ல ஒரு சின்ன வேலை. விண்டோஸ் லேப்டாப் பக்கத்துல இருந்தா திறங்க. டெஸ்க்டாப்ல புதுசா ஒரு ஃபோல்டர் போட்டு, அதுக்கு சி, ஓ, என் என்ற மூணு இங்கிலீஷ் எழுத்தை மட்டும் பேரா வைங்க. என்ட்டர் தட்டினதும் அந்தப் பேரு செல்லாதுன்னு சொல்லிடும். சின்ன எழுத்துல போட்டாலும் சரி, பெரிய எழுத்துல போட்டாலும் சரி, நடக்காது.

ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல யாராவது ஒரு சீனியர் இதைக் காட்டி உங்களை அசத்தியிருப்பார். கூடவே ஒரு கதையும் சொல்லியிருப்பார்: இதை ஒரு இந்தியர்தான் கண்டுபிடிச்சாராம், மைக்ரோசாஃப்ட் ஆளுங்களுக்கே காரணம் தெரியலையாம். மெயில் ஃபார்வர்டா சுத்தி, வாட்ஸ்அப் வரைக்கும் வந்து சேர்ந்த கதை. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா உண்மை இல்லை. காரணம் மைக்ரோசாஃப்டுக்கு நல்லாவே தெரியும்.

இன்னும் ரெண்டு கேள்வி. ஹார்ட் டிஸ்க் ஏன் சி-யில ஆரம்பிக்குது, ஏ-யும் பி-யும் எங்கே போச்சு? ஃபைல் பேரோட கடைசியில ஏன் ஒரு புள்ளி, அதுக்கப்புறம் பெரும்பாலும் மூணே எழுத்து?

இந்த மூணு கேள்விக்கும் பதில் தேடிப் போனா ஒரே ஆளோட மேஜைக்குத்தான் போய்ச் சேருவீங்க. அவர் பேரு கேரி கில்டால். அவரைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சிருந்தா, அது அநேகமா ஒரே வரியாத்தான் இருக்கும்: ஐபிஎம் வாசல்ல வந்து நின்னப்போ பிளேன் ஓட்டப் போயிட்ட மனுஷன். அந்த ஒரு வரி டெஸ்க்டாப்ல இருக்கிற ஷார்ட்கட் மாதிரி. ஐகான் அழகா இருக்கும். டபுள் கிளிக் பண்ணினா உள்ளே ஃபைல் இருக்காது. அதனால இந்தத் தடவை ஷார்ட்கட் வேண்டாம், முழுப் பாதையிலயே போவோம்.

வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்த குடும்பம்

கேரி பிறந்தது 1942 மே 19, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் துறைமுக நகரமான சியாட்டிலில். குடும்பத் தொழில் கடல் சம்பந்தப்பட்டது. கப்பல் ஓட்டுவது அல்ல, ஓட்டக் கற்றுக்கொடுப்பது. தாத்தா ஆரம்பித்த மாலுமிப் பள்ளியில் அப்பாவும் வாத்தியார். நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டு, நடுக்கடலில் கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். அதுதான் அங்கே பாடம். இந்தக் கணக்கையெல்லாம் ஒரு கைப்பிடியைச் சுத்தினா மெஷினே போட்டுக் கொடுத்துட்டா எப்படி இருக்கும்னு அப்பாவுக்கு ஒரு ஆசை. மகன் அதை மறக்கலை.

பள்ளியில் கேரி பெரிய படிப்பாளி இல்லை. மெஷின்களை நோண்டுவதில்தான் ஆர்வம். பள்ளி முடித்து குடும்பப் பள்ளியிலேயே பாடம் எடுத்தார். பிறகு கணக்கு வாத்தியார் ஆகலாம் என்ற எண்ணத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பள்ளித் தோழி டாரதியைத் திருமணம் செய்துகொண்டார். பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்த பிறகு கணக்கு வாத்தியார் கனவு மெல்ல ஒதுங்கிவிட்டது.

இங்கே சிஎஸ் மக்கள் கொஞ்சம் நில்லுங்க. கம்பைலர் டிசைன் பேப்பர்ல டேட்டா ஃப்ளோ அனாலிசிஸ்னு ஒரு பகுதி வரும்ல? ஒவ்வொரு பேசிக் பிளாக்குக்கும் ஒரு செட் எழுதி, மாற்றம் நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கணக்குப் போடுவோமே, அந்த முறைக்கு லாட்டிஸ் அடிப்படையில ஒரு பொதுவான வடிவம் கொடுத்தது இவர்தான். 1972-ல் முடித்த பிஎச்டி வேலை, 1973-ல் பேப்பரா வந்தது. இன்னைக்கும் கம்பைலர் புத்தகங்கள்ல அது இருக்கு. அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம் பக்கமே வராம இருந்திருந்தாலும், நம்ம சிலபஸ்ல அவருக்கு ஒரு இடம் உண்டு.

அலமாரியில் கிடந்த டிரைவ்

அது வியட்நாம் போர்க்காலம். ராணுவ சேவையிலிருந்து தப்ப முடியாது. கேரி கடற்படையில் சேர்ந்தார். ஆனால் அவர் போனது போர்க்கப்பலுக்கு அல்ல, கலிபோர்னியாவின் மான்டரே நகரில் இருக்கும் கடற்படை முதுநிலைப் பள்ளிக்கு. அங்கே கம்ப்யூட்டர் பாடம் எடுத்தார். சேவைக் காலம் முடிந்த பிறகும் வாத்தியாராகவே தொடர்ந்தார்.

1971-ல் இன்டெல் 4004 சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு கம்ப்யூட்டரின் மூளை முழுவதும் ஒரே சிப்பில். அதைப் பார்த்ததும் கேரிக்கு அப்பாவின் கைப்பிடி மெஷின்தான் ஞாபகம் வந்தது. கடல்வழிக் கணக்குக்குத் தேவையான சைன், கொசைன் எல்லாம் அந்தக் குட்டிச் சிப்பில் போட முடியுமா என்று எழுதிப் பார்க்க ஆரம்பித்தார். இந்த ஆர்வம் அவரை இன்டெல் வாசலுக்கே கொண்டுபோனது. வாரத்தில் ஒரு நாள் அங்கே ஆலோசகர். 1973-ல் அவர்களுக்காக பிஎல்/எம் என்ற மொழியை உருவாக்கினார். மைக்ரோபிராசசரை அசெம்பிளியில் மட்டுமே எழுதிக் கஷ்டப்பட்ட காலத்தில், மேல்நிலை மொழியில் எழுத வழி செய்தது அது.

ஆனால் எழுதியதை எங்கே சேமிப்பது? அப்போது வழக்கத்தில் இருந்தது காகித நாடா. டெலிடைப் மெஷின் நொடிக்கு 10 எழுத்து வேகத்தில் ஓட்டை போட்டுக்கொண்டே போகும். ஒரு பெரிய புரோகிராமை ஏற்றுவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஐபிஎம் கண்டுபிடித்த ஃப்ளாப்பி டிஸ்க் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. ஷுகார்ட் நிறுவனத்திடமிருந்து கேரி ஒரு 8 அங்குல டிரைவை வாங்கி வந்துவிட்டார். பிரச்சினை என்னவென்றால், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கன்ட்ரோலர் போர்டு அவரிடம் இல்லை. தானே செய்யப் பார்த்தார், வரவில்லை. சாஃப்ட்வேர்க்காரர் ஹார்டுவேரில் கை வைத்தால் என்ன ஆகும் என்று நம்ம ஈசிஇ நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். டிரைவ் மாதக்கணக்கில் சும்மா கிடந்தது.

கடைசியில் பல்கலைக்கழக நண்பர் ஜான் டொரோட் அந்தப் போர்டைச் செய்து கொடுத்தார். 1974-ல், பசிபிக் க்ரோவ் என்ற சிற்றூரில், கேரி வீட்டின் பின்னால் இருந்த கொட்டகையில் அந்த டிரைவ் உயிர் பெற்றது. அதை ஓட்டுவதற்காகக் கேரி எழுதி வைத்திருந்த சாஃப்ட்வேர்தான் சிபி/எம்.

32 பைட்டுக்குள் ஒரு பேர்

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். கேரியின் முன்னால் இருந்த டிஸ்க்கில் 77 ட்ராக், ஒவ்வொன்றிலும் 26 செக்டர், ஒவ்வொரு செக்டரிலும் 128 பைட். மொத்தமாகப் பெருக்கினால் சுமார் 250 கிலோபைட். இன்னைக்கு நீங்க மொபைல்ல எடுக்கிற ஒரு போட்டோ கூட அதுல அடங்காது.

இந்த இடத்துக்குள் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் இருக்க வேண்டும். கேரி ஒவ்வொரு பதிவுக்கும் 32 பைட் ஒதுக்கினார். அப்போதுதான் ஒரு செக்டருக்கு மிச்சம் இல்லாமல் 4 பதிவு உட்காரும். அந்த 32-ல் 16 பைட், ஃபைலின் துண்டுகள் டிஸ்க்கில் எங்கெங்கே இருக்கின்றன என்று குறிக்க. நிலையைக் காட்ட 1. நீளக் கணக்கு முதலியவற்றுக்கு 4. மீதி 11. அதில் 8 பேருக்கு, 3 வகைக்கு. புள்ளியை டிஸ்க்கில் எழுதவே இல்லை. திரையில் காட்டும்போது மட்டும் நடுவில் போட்டுக்கொண்டார்கள்.

ஃபைல் பேரைப் புள்ளி வைத்து ரெண்டாகப் பிரிப்பது அவர் கண்டுபிடிப்பு அல்ல. அவர் பழகிய டெக் நிறுவனத்தின் பெரிய மெஷின்களில் 6 எழுத்துப் பேரும் 3 எழுத்து வகையும் ஏற்கெனவே இருந்தன. டிஸ்க்குக்கு ஒரு எழுத்தைப் பேராக வைப்பதும் ஐபிஎம்மின் சிபி/சிஎம்எஸ் சிஸ்டத்தில் இருந்ததுதான். கேரி அவற்றைக் குட்டி மெஷினுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்தார். முதல் டிரைவ் ஏ. இரண்டாவது பி. அப்போது பலரிடம் இருந்ததே ரெண்டு ஃப்ளாப்பி டிரைவ்தான். பிற்காலத்தில் ஹார்ட் டிஸ்க் வந்தபோது மிச்சம் இருந்த அடுத்த எழுத்து சி. ஃப்ளாப்பி போய்ச் சேர்ந்துவிட்டது, சி மட்டும் அங்கேயே நிற்கிறது.

ஒரு அழகான தந்திரமும் உண்டு. புதிதாக ஃபார்மட் செய்த ஃப்ளாப்பியில் ஒவ்வொரு பைட்டிலும் ஹெக்ஸில் இ5 என்ற மதிப்பு நிரம்பியிருக்கும். கேரி அதே இ5-ஐ, காலி பதிவு என்பதற்கான அடையாளமாக வைத்துவிட்டார். அதனால் கடையில் வாங்கிய புது டிஸ்க்கை எந்தத் தயாரிப்பும் இல்லாமல் செருகினாலே, அட்டவணை காலியாக இருப்பதாகத் தெரியும். ஒரு ஃபைலை அழிக்கவும் ஒரே ஒரு பைட்டை இ5 என்று மாற்றினால் போதும்.

சரி, குறை என்ன? நிறைய. முதல் குறை, ஃபோல்டர் கிடையாது. ஒரு டிஸ்க்கில் 64 பதிவு, எல்லாம் ஒரே பட்டியலில். இரண்டாவது, 8 எழுத்துக்குள் அர்த்தம் அடங்காது. மூன்றாவது வருஷ ரிப்போர்ட்டின் இரண்டாவது திருத்தம் என்பதை 8 எழுத்தில் சுருக்கினால், ரெண்டு மாசம் கழித்து எழுதினவருக்கே புரியாது. மூன்றாவது, ஃபைல் நீளத்தை 128 பைட் கட்டுகளாக மட்டுமே எண்ணினார்கள். எழுத்து சரியாக எங்கே முடிகிறது என்று சிஸ்டத்துக்குத் தெரியாது. அதனால் முடிவில் கன்ட்ரோல்-இசட் என்று ஒரு குறி வைக்க வேண்டியிருந்தது.

நான்காவதுதான் ஆழமான குறை. டிரைவ் எழுத்து என்பது பொருளின் பேர் அல்ல, அது செருகியிருக்கும் இடத்தின் பேர். ஏ-யில் இருந்த ஃப்ளாப்பியை எடுத்து பி-யில் போட்டால் அதே ஃபைலின் முகவரி மாறிவிடும். இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. பென் டிரைவ் உங்க லேப்டாப்ல இ, ரிவ்யூ நடக்கிற லேப்ல எஃப். பைத்தான் கோடுக்குள்ள முழுப் பாதையை இ-ன்னு அடிச்சு வெச்சிருந்தா, எக்ஸாமினர் முன்னாடி சிவப்பு எரர் வரும். ராத்திரி முழுக்க ஓடின கோடுதான், ஆனா அதைச் சொன்னா யார் நம்புவா?

இதே காலத்தில் பெல் லேப்ஸில் யுனிக்ஸ் இருந்தது. அதில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் உண்டு, பேருக்கு 14 எழுத்து உண்டு, டிரைவ் எழுத்து கிடையாது. ஆனால் அது ஓடியது ஒரு துறையே சேர்ந்து வாங்க வேண்டிய மினி கம்ப்யூட்டரில். கேரியின் சிஸ்டம் 16 கிலோபைட் நினைவகத்தில், தனி ஆள் வாங்கக்கூடிய மெஷினில் ஓட வேண்டும். அந்த அளவுக்கு அது சரியான சட்டை. வளர்ந்த பிறகும் எல்லோரும் அதையே போட்டுக்கொண்டதுதான் சிக்கல்.

கொட்டகையிலிருந்து கம்பெனி

இன்டெல்லுக்கு பிஎல்/எம் வேண்டியிருந்தது, சிபி/எம் மேல் அக்கறை இல்லை. எனவே கேரியும் டாரதியும் தாங்களே விற்பது என்று முடிவு செய்தார்கள். கம்பெனிக்கு இன்டர்கலாக்டிக் டிஜிட்டல் ரிசர்ச் என்று பெயர் வைத்தார்கள். அண்டசராசர அளவுக்கு ஒரு பேர், ஆபீஸ் என்னவோ வீடுதான். பிறகு முதல் வார்த்தையை விட்டுவிட்டு டிஜிட்டல் ரிசர்ச் ஆனது. கணக்கு வழக்கு, வாடிக்கையாளர், ஒப்பந்தம் எல்லாம் டாரதியின் பொறுப்பு. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, சுமார் 70 டாலருக்கு டிஸ்க்கைத் தபாலில் அனுப்பினார்கள்.

அப்போது மெஷின் தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு டிரைவ், ஒவ்வொரு கன்ட்ரோலர் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சிஸ்டத்தை முழுசாகத் திருத்தி எழுதிக் கேரி சலித்துப்போனார். அதற்கு அவர் கண்ட வழி, ஹார்டுவேரைத் தொடும் பகுதியை மட்டும் தனியாக வெட்டி எடுப்பது. அதற்குப் பேர் பயாஸ். ஆமாம், நீங்க பூட் ஆகும்போது எஃப்2 தட்டிப் பார்க்கிறீங்களே, அந்தப் பேரு இங்கேருந்து வந்ததுதான். புது மெஷின் வந்தால் பயாஸை மட்டும் எழுதினால் போதும். மேலே உள்ள சிஸ்டமும் அதில் ஓடும் புரோகிராமும் மாற வேண்டியதில்லை. வேர்ட்ஸ்டார், டிபேஸ் போன்ற சாஃப்ட்வேர்கள் பல கம்பெனி மெஷின்களில் ஓட முடிந்தது இதனால்தான். சாஃப்ட்வேரைத் தனிப் பொருளாகக் கடையில் விற்கலாம் என்ற நிலையே அதற்குப் பிறகுதான் வலுப்பட்டது.

அந்த ஒரு நாள்

1980-ல் ஐபிஎம் ரகசியமாகத் தனிநபர் கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. சிஸ்டம் வேண்டும் என்று பில் கேட்ஸிடம் போனார்கள். அவர் கையில் அப்போது சிஸ்டம் இல்லை. கில்டாலைப் பாருங்கள் என்று அனுப்பி வைத்தார்.

ஐபிஎம் ஆட்கள் வந்த காலையில் கேரி தன் விமானத்தை ஓட்டிக்கொண்டு போயிருந்தது உண்மை. ஆனால் உல்லாசத்துக்கு அல்ல. பில் காட்பவுட் என்ற வாடிக்கையாளரைத் தொழில் விஷயமாகப் பார்க்கப் போயிருந்தார். ஒப்பந்தப் பேச்சு எப்போதுமே டாரதியின் வேலை, அன்றும் அவர்தான் உட்கார்ந்தார். ஐபிஎம் முதலில் நீட்டியது ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தம். அதன் வாசகங்கள் ஒருதலைப்பட்சமாக இருப்பதாகப் பட்டதால் டாரதி உடனே கையெழுத்துப் போடவில்லை. கேரி மதியம் திரும்பி வந்து பேச்சில் கலந்துகொண்டதாக அவர் தரப்பு பின்னாளில் சொன்னது. ஐபிஎம் தரப்பில் வந்தவர் அவரைப் பார்க்கவே இல்லை என்றார். எப்படியானாலும், விஷயம் ஒரு விமானப் பயணத்தில் உடையவில்லை. பணம் மொத்தமாகவா, பிரதிக்கு இவ்வளவு என்றா என்பதிலும் இரண்டு தரப்பும் ஒத்துப்போகவில்லை.

ஐபிஎம் மறுபடி கேட்ஸிடம் போனது. சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனியில் டிம் பேட்டர்சன் என்ற இன்ஜினியர் 8086 சிப்புக்காக ஒரு சிஸ்டம் எழுதியிருந்தார். சிபி/எம்மில் ஓடும் புரோகிராம்களைச் சுலபமாகக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக, புரோகிராம்கள் சிஸ்டத்தைக் கூப்பிடும் முறையை சிபி/எம் போலவே வைத்திருந்தார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 1981-ல் ஐபிஎம் பிசியோடு பிசி டாஸ் என்ற பேரில் அது வெளிவந்தது.

கேரி அதைப் பார்த்தபோது தன் சிஸ்டத்தின் சாயலை அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் சாஃப்ட்வேருக்கான காப்புரிமைச் சட்டம் அப்போது தெளிவாக இல்லை. வழக்குக்குப் பதிலாக ஒரு சமரசம் ஏற்பட்டது. ஐபிஎம் அவருடைய சிபி/எம்-86-ஐயும் சேர்த்து விற்கும். விற்றது, ஆனால் விலையைப் பாருங்க: பிசி டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். நீங்களா இருந்தா எதை வாங்கியிருப்பீங்க?

ஆள் போனார், பேர்கள் தங்கின

சிபி/எம் சந்தையில் தோற்றது. ஆனால் அதன் 8-ம் 3-ம், ஏ-யும் பி-யும் டாஸ் வழியாக உலகம் முழுவதும் பரவின. கூடவே குறைகளும், சில புதுக் கோணல்களோடு.

முதலில் சொன்ன அந்த மூன்று எழுத்தை எடுங்க. சிபி/எம்மில் கீபோர்டும் திரையும் சேர்ந்த கன்சோலுக்கு அந்தப் பேர்தான், ஆனால் பின்னால் ஒரு முக்காற்புள்ளி உண்டு. டாஸில் அது கட்டாயம் இல்லை. அப்போது ஃபோல்டர் இல்லாததால் ஒரே பட்டியல்தான், தொந்தரவு இல்லை. 1983-ல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது, பழைய புரோகிராம்கள் உடையக் கூடாது என்பதற்காக அந்தச் சாதனப் பேர்கள் எல்லா ஃபோல்டரிலும் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் இன்றும் உங்களால் அந்தப் பேரில் ஃபோல்டர் போட முடியவில்லை. மர்மம் எதுவும் இல்லை.

பாதையில் வரும் கோடு பின்பக்கம் சாய்ந்திருப்பதும் இப்படித்தான். யுனிக்ஸ் போல / போட்டிருக்கலாம். ஆனால் டாஸில் கமாண்டுக்கு விருப்பத் தேர்வு கொடுக்க அது ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. எனவே \ வந்தது. அது சி மொழியில் வேறு அர்த்தம் உள்ள குறி. பாதையை ஸ்ட்ரிங்கில் எழுதும்போது ரெண்டு தடவை போட மறந்து எத்தனை பேர் மாட்டியிருப்போம்!

1995-ல் விண்டோஸ் 95 நீளப் பேர்களை அனுமதித்தது, 255 எழுத்து வரை. பழைய அட்டவணையை மாற்றினார்களா? இல்லை. அதே 32 பைட் பதிவுகளைக் கூடுதலாகச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் 13 எழுத்தை ஒளித்து வைத்தார்கள். பழைய புரோகிராம்களுக்காக அலை போன்ற குறியும் ஒரு எண்ணும் போட்ட குட்டிப் பேர் ஒன்றும் கூடவே உண்டு. உங்க பென் டிரைவ் ஃபேட்32-ல இருந்தா, கேரி வகுத்த அந்த 11 பைட் இன்னைக்கும் அதுல எழுதப்பட்டுக்கிட்டே இருக்கு. அழித்த ஃபைலுக்கு அதே இ5 கூட. ஆனால் சிபி/எம்மில் இ5 விழுந்தது நிலை காட்டும் பைட்டில், பேர் முழுசாக இருந்தது. டாஸில் அது பேரின் முதல் எழுத்தின் மேல் விழுகிறது. அதனால்தான் பழைய மீட்பு மென்பொருள்கள் முதல் எழுத்து என்ன என்று உங்களையே கேட்டன.

நம்ம மொழிக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ் என்ற சொல்லை யுடிஎஃப்-8-ல் எழுதினால் 15 பைட். கேரியின் 11-க்குள் நம் மொழியின் பேரே அடங்காது. இன்று இடம் இருக்கிறது, ஆனாலும் லினக்ஸில் 255 பைட் எல்லை என்றால் தமிழில் 85 குறிகள்தான். இன்னொரு சங்கடம், கொ என்ற எழுத்தை யுனிகோடில் ரெண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே கூட்டுக் குறியாகவும், கொம்பு தனி, கால் தனி என்றும். கண்ணுக்கு ஒன்றுதான், லினக்ஸுக்கு அவை வேறு வேறு ஃபைல். இதையெல்லாம் கேரி தலையில் கட்ட முடியாது. பேர் என்பது வெறும் பைட் வரிசை என்ற பழைய எண்ணத்தின் தொடர்ச்சி இது.

ஷார்ட்கட்டும் அப்படித்தான். அதுக்குள்ள ஃபைல் இல்லை, ஃபைலுக்குப் போற வழி மட்டும்தான் இருக்கு. டெஸ்க்டாப்ல இருந்த ப்ராஜெக்ட் ஷார்ட்கட்டைப் பென் டிரைவ்ல இழுத்துப் போட்டுட்டு, ஒரு கேபி அளவுல எவ்வளவு வேகமா காப்பி ஆச்சுன்னு சந்தோஷப்பட்ட ஆள் ஒவ்வொரு பேட்ச்லயும் ஒருத்தர் உண்டு. லினக்ஸ்ல சிம்பாலிக் லிங்க்கும் வெறும் பாதைதான். போய்ச் சேர வேண்டிய ஃபைலை நகர்த்தினா லிங்க் அந்தரத்துல தொங்கும்.

கடைசி வருஷங்கள்

கேரி சும்மா இருக்கவில்லை. 1983-லிருந்து அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் தி கம்ப்யூட்டர் க்ரானிக்கிள்ஸ் நிகழ்ச்சியில் இணைத் தொகுப்பாளராக, சாதாரண மக்களுக்குக் கம்ப்யூட்டரை நிதானமாக விளக்கினார். 1985-ல் அவர் தொடங்கிய இன்னொரு நிறுவனத்தின் முயற்சியால் ஒரு முழுக் கலைக்களஞ்சியம் சிடி-ராமில் வந்தது. டிஜிட்டல் ரிசர்ச் ஜெம் என்ற வரைகலைத் திரையையும், 1988-ல் டிஆர் டாஸையும் வெளியிட்டது. 1991-ல் கம்பெனியை நோவெல் வாங்கியது. பணம் வந்தது. ஆனால் டாரதியோடு திருமணம் அதற்கு முன்பே முறிந்திருந்தது.

1992-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் துறை தன் 25-வது ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்தது. அங்கே பிஎச்டி முடித்தவர் அவர், கூட்டத்தில் ஒருவராக உட்காரப் போக வேண்டும். மேடையில் பேசுவது பில் கேட்ஸ். அது அவரைக் காயப்படுத்தியது. எழுத உட்கார்ந்தார். தன் பக்கத்துக் கதையைச் சொல்லும் நினைவுக் குறிப்பு அது. உயிரோடு இருந்தபோது அச்சாகவில்லை, நண்பர்களும் குடும்பமும் மட்டும் படித்தார்கள். அந்த வருஷங்களில் குடிப்பழக்கமும் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1994 ஜூலையில் மான்டரேயில் ஒரு மதுக்கடையில் தலையில் அடிபட்டு, மூன்று நாள் கழித்து ஜூலை 11 அன்று இறந்தார். வயது 52.

2014-ல் பசிபிக் க்ரோவில் அவருடைய கம்பெனி இருந்த கட்டடத்தின் முன்னால் ஐஇஇஇ ஒரு நினைவுப் பலகை வைத்தது. 2016-ல் அவர் எழுதியதன் முதல் பகுதியைக் குடும்பத்தினர் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் மூலம் எல்லோரும் படிக்கக் கொடுத்தார்கள். இணையத்தில் இருக்கிறது, நேரம் கிடைத்தால் படியுங்க.

கில்டால் என்ற பேர் ஆங்கிலத்தில் 7 எழுத்து. அவர் போட்ட 8-க்குள் தாராளமாக அடங்கும். அடங்காதது அவர் வாழ்க்கை. பிளேன் ஓட்டப் போனவர் என்று நாம் அதைச் சுருக்கிவிட்டோம். அந்தச் சுருக்கத்தில் டேட்டா ஃப்ளோ இல்லை, பிஎல்/எம் இல்லை, பயாஸ் இல்லை, அன்று மேஜையில் உட்கார்ந்த டாரதி இல்லை.

அடுத்த தடவை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குப் பேர் வைக்கும்போது ஒரு நிமிஷம் யோசிங்க. ஃபைனல், நியூ ஃபைனல், ரியல் ஃபைனல் வேண்டாம். தேதியும் விஷயமும் போடுங்க. ஸ்பேஸுக்குப் பதிலா அடிக்கோடு போடுங்க. கோடுக்குள்ள இ, எஃப் எழுதாம, ப்ராஜெக்ட் ஃபோல்டர்லேருந்து ஆரம்பிக்கிற பாதையை எழுதுங்க. இன்னைக்கு ராத்திரிக்கு மட்டும்தானேன்னு நினைச்சு நீங்க வைக்கிற பேரை, நாளைக்கு உங்க ஜூனியர் திறந்து பார்க்க வேண்டி வரலாம். கேரியும் ஒரு கொட்டகையில, கையில இருந்த ஒரு டிஸ்க்குக்காகத்தான் 8-ம் 3-ம் போட்டார்.